மூன்றாம் பெயருக்கும் நான்காம் பெயருக்கும் இடையில்

முப்பத்தாறு வயதில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். ஒரு சுவர் மணிக்கூடு, ஒரு கேக், நான்கு பேச்சுகள். நான் வேலை செய்த ஆய்வு நிலையத்தில் வெளிக்களப் பிரிவை மூடிவிட்டு, இனி எல்லாக் கேள்விகளையும் தொலைபேசியிலேயே கேட்பது என்று முடிவெடுத்திருந்தார்கள். கணினிப் பிரிவுக்கு மாறி வரச் சொன்னார்கள். பன்னிரண்டு வருடம் ஸ்கூட்டியில் ஒடுங்கிய ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், வாசல் படலையைத் தட்டி, தந்த கதிரையில் இருந்து, ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்டுப் பழகியவள் நான். மாறவில்லை. ஓய்வு பெற்றுவிட்டேன் என்று யாரிடமாவது சொன்னால் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். "உன்ரை வயசிலை ஆக்கள் உத்தியோகம் தேடித் திரியினம்" என்பார்.

போன மாதம் புதிய வினாக்கொத்தைத் தயாரிக்கும் இளம் உத்தியோகத்தர்கள் மூவர் அச்சுவேலியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் கெட்டிக்காரர். கைநூலில் இல்லாத விடயங்களை எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த வினாக்கொத்தை வாங்கிப் பார்த்தேன். ஏழாவது கேள்வி: உங்களுக்கு எத்தனை சகோதரங்கள்? எண்ணை அழுத்தவும்.

"உதுக்கு எவ்வளவு நேரம் விட்டிருக்கிறியள்?"

"எட்டுச் செக்கன் அக்கா. அதுக்குள்ளை அழுத்தாட்டி அடுத்த கேள்விக்குப் போயிடும்."

"எட்டுச் செக்கன் காணுமோ?"

"கூடப் பிறந்ததுகளை எண்ண எட்டுச் செக்கன் காணாதோ அக்கா?" என்று மூவரில் இளையவள் சிரித்தாள். "எங்கடை வீட்டிலை ரெண்டு பேர். எனக்கு ஒரு செக்கன் காணும்."

அவளுக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்களை மாற்றவேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். பின்னால் வரும் ஓர் அண்ணனும் தங்கையும் இதை வாசித்து, சம்மதித்த பிறகே உங்கள் கைக்கு வருகிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தேன். பட்டியல் போடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். சந்தைக்குப் போவதற்கும் பட்டியல், சண்டை பிடிப்பதற்கும் பட்டியல். வேலைக்குச் சேர்ந்தபோது எண்கள் கைக்கு வந்த பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். எண்கள் எந்த வாயிலிருந்து எப்படி வருகின்றன என்பது தெரியாது.

எங்கள் மேற்பார்வையாளர் றெஜினா அக்கா. என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். மிசன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவர். "என்ரை படிவம் ரெண்டு நிமிசத்திலை முடிஞ்சிடும். அதாலைதான் மற்றாக்களின்ரையைப் பார்க்க நேரம் கிடக்கு" என்று தன்னைத்தானே பகிடி பண்ணுவார். நிரப்பிய படிவத்தைக் கொடுத்தால் ஒன்றும் பேசாமல் பென்சில் நுனியால் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக்கொண்டு போவார். பிழையைப் பிழை என்று சொல்லமாட்டார். ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் போடுவார். வட்டம் விழுந்தால் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகவேண்டும். வட்டமே விழாத படிவம் என்றால் கடைசியில் தலையை நிமிர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"அந்த வீட்டுப் படலை என்ன நிறம்?"

வீட்டுக்குப் போகாமல் எங்காவது நிழலில் இருந்து படிவத்தை நிரப்பிக்கொண்டு வருகிறவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. எங்களோடு சேர்ந்த ஒருவர் தயங்காமல் "பச்சை" என்றார். "அந்த வீட்டுக்குப் படலையே இல்லைத் தம்பி. தகரம் சாத்திக் கிடக்கு. நான் நேற்றுப் போனனான்" என்றார் றெஜினா அக்கா. அடுத்த கிழமை அவரை அலுவலகத்தில் காணவில்லை.

நான் அதிக காலம் வேலை செய்த ஆய்வு இதுதான்: ஒருவர் சிறு வயதில் எத்தனை பேரோடு வளர்ந்தார், எத்தனையாவதாகப் பிறந்தார், வளர்ந்த பிறகு எவ்வளவு உழைக்கிறார்? கேள்வி எளிமையானது. அதன் முதற்பாதிதான் எங்களைப் படுத்தியது. எத்தனை சகோதரம் என்று கேட்டால் ஒருவர் தன்னையும் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் சேர்க்கமாட்டார். ஒருவர் வெளிநாட்டில் இருப்பவர்களை விட்டுவிடுவார். ஒரே வளவில் வளர்ந்த பெரியம்மாவின் பிள்ளைகளையும் சேர்த்துச் சொன்னவர்கள் உண்டு. பெற்ற பிள்ளைகளை வாயால் எண்ணுவதே கூடாது என்று பேச மறுத்த தாய்மார் உண்டு. அதனால் எங்களுக்கு ஒரு கட்டாய விதி இருந்தது. எண்ணிக்கை கேட்கக் கூடாது. மூத்தவரிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதவேண்டும். எண்ணுவது நாங்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "உயிருடன் இருக்கிறாரா?" என்று அச்சிட்டிருந்தது. றெஜினா அக்கா எங்கள் பிரதிகள் எல்லாவற்றிலும் அதைப் பென்சிலால் வெட்டிவிட்டு, "இப்ப எங்கை?" என்று எழுதித் தந்தார். "எங்கை எண்டு கேளுங்கோ. இருக்கிற ஆள் எண்டால் இடத்தைச் சொல்லுவினம். இல்லாத ஆள் எண்டால் அவையே சொல்லுவினம். தெரியாதவைக்குத் தெரியாது எண்டு சொல்ல ஒரு வழி விடவேணும்." தன் தம்பியின் பெயரைச் சொன்ன ஒருவரிடம் நான் அப்படிக் கேட்டேன். "அதைத்தான் தங்கச்சி நாங்களும் இவ்வளவு வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறம்" என்றார். அந்தப் பெட்டியில் நான் என்ன எழுதுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாது" என்று எழுதினேன். தலையை ஆட்டினார்.

பட்டியல் முடிந்ததும் இன்னொரு கேள்வி இருந்தது: உங்கள் வீட்டில் பிறந்து, வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளை யாராவது உண்டா? பிள்ளையில்லாத சகோதரிக்கோ சகோதரனுக்கோ ஒரு பிள்ளையைக் கொடுப்பது எங்கள் ஊர்களில் புதினமில்லை. பத்திரம் எழுதுவதில்லை, பதிவதில்லை. ஊருக்கே தெரியும், ஆனால் ஒருவரும் கதைக்கமாட்டார்கள். ஆகவே இந்தக் கேள்வியை ஆளைத் தனியே வைத்துத்தான் கேட்கவேண்டும் என்று கைநூலில் தடித்த எழுத்தில் இருந்தது.

இரண்டாம் பாதியான உழைப்பும் பார்க்கும் அளவுக்கு நேரானதல்ல. சுன்னாகம் சந்தையில் ஒரு வெங்காய வியாபாரி, ஏழு பேரில் மூத்தவர், தகப்பன் படுக்கையில் விழுந்ததும் பத்தாம் வகுப்போடு நின்றவர். கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். வழக்கம்போல எழுதியதை வாசித்துக் காட்டி, "எல்லாம் சரியோ அண்ணை?" என்றேன்.

"சரி பிள்ளை. ஆனால் பொய்."

"எது பொய்?"

"எங்கடை கடைசித் தங்கச்சி டொக்டர். அவவிட்டையும் உந்தக் கடுதாசி போகுமோ?"

"தெரிவு செய்யப்பட்டால் போகும்."

"போனால், அவவின்ரை சம்பளத்திலை ஒரு துண்டு என்ரை பத்தாம் வகுப்பு எண்டு எழுதச் சொல்லுங்கோ. என்ரையிலை உழைப்புக் குறைவு எண்டு மட்டும் போட்டால் அது பொய்தானே?"

பக்கத்துக் கடைக்காரர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர். "அப்பிடியெண்டால் தங்கச்சி, என்ரை நட்டத்தை உவன்ரை கடுதாசியிலை எழுதிவிடுங்கோ" என்றார். சந்தையே சிரித்தது. அவர் சொன்னதற்குப் படிவத்தில் பெட்டி இல்லை. ஓரத்தில் எழுதினேன். றெஜினா அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார், வட்டம் போடவில்லை.

இந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கத்தான் ஆய்வில் சோடி முறை இருந்தது. ஒருவரைச் சந்தித்தால், அவருடைய பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஒரு சகோதரத்தைத் தெரிவுசெய்து, அவரையும் தனியாகச் சந்திப்போம். இரண்டு படிவங்களையும் றெஜினா அக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இதில் ஒரு விதி மற்ற எல்லாவற்றுக்கும் மேலே: ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியவே கூடாது.

அந்த விதியை நான் உடைத்தேன்.

அவரை வசந்தமலர் என்று சொல்கிறேன். நாற்பத்தாறு வயது, கட்டடப் பொறியியலாளர், சுன்னாகத்தில் வீடு. சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம் விரித்திருந்தது. நான் தொடங்க முதலே அவர் தொடங்கினார்.

"பிறந்தது கோப்பாயிலை, ஆறு பேரிலை நாலாவது. வளர்ந்தது இந்த வீட்டிலை, தனிய. எந்தப் பெட்டியிலை போடப்போறியள்?"

அவரை வளர்த்தது பெற்ற தாயின் தமக்கை. வளர்த்தவரை அவர் அம்மா என்றும், பெற்றவரைச் சின்னம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தார். வளர்த்த தகப்பன் புகையிரத நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர். வளர்த்த இருவரும் இப்போது உயிரோடு இல்லை. கோப்பாய்ப் பட்டியலை அவர் ஒரே மூச்சில் சொன்னார்: கணேசலிங்கம், யோகலிங்கம், இராசராணி, தான், சுதாமதி, ரவீந்திரன்.

"தங்கச்சி, உங்கடை ஆராய்ச்சி நான் அங்கை வளர்ந்திருந்தால் இப்ப என்னவா இருப்பன் எண்டு சொல்லுமோ?"

"ஒராளுக்குச் சொல்லாது அக்கா. கனபேரைச் சேர்த்துத்தான் சொல்லும்."

"அப்ப எனக்குப் பிரயோசனம் இல்லை" என்று சிரித்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினார்.

குலுக்கலில் வந்தவர் மூத்த அண்ணன் கணேசலிங்கம். ஐம்பத்துநான்கு வயது, கோப்பாயில் தோட்டம். நான் போன அன்று நல்ல மழை. விறாந்தையில் இரண்டு கதிரை. ஒரு மூலையில் அவருடைய தாய் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். தனியே கேட்கவேண்டிய கேள்வி வந்தபோது நான் முற்றத்தைப் பார்த்தேன். மழை விடுவதாக இல்லை. கேட்டுவிட்டேன். அவர் தாயைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "இல்லைப் பிள்ளை. நாங்கள் அஞ்சு பேர்தான்."

அதற்கு முன் அவர் பெயர்களைச் சொன்ன விதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல் மூன்று பெயரும் அடுத்தடுத்து வந்தன. இராசராணி என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார். பிறகு சுதாமதி. அந்த இடைவெளி என் காதில் விழுந்தது. ஆனால் அதை எழுதப் பெட்டி இல்லை.

இரண்டு படிவங்களையும் பார்த்த றெஜினா அக்கா இரண்டிலும் வட்டம் போட்டார். "தனியக் கேட்டனியோ?" என்றார். மழையைப் பற்றிச் சொன்னேன். "மழை விடும்" என்றார். முறைப்படி முதலில் வசந்தமலரிடம் திரும்பப் போய் அவருடைய பட்டியலை மட்டும் உறுதிசெய்து வரவேண்டும்.

சோடிப் படிவங்களை ஒன்றாகக் கிளிப்பில் மாட்டி வைத்திருப்பது என் பழக்கம். பிரித்து வைத்தால் ஒன்று தொலைந்துவிடும் என்ற பயம். அன்றும் அப்படியே கொண்டு போனேன். வசந்தமலரின் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கிளிப் பலகையை மேசையில், அவருடைய வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் எனக்கு நேர் எதிரே இருந்தார். தலைகீழாக இருக்கும் தாளை அவர் வாசிக்கமாட்டார் என்று நினைத்திருந்தேன். மேசைக்கு மறுபக்கம் நிற்கும் மேசன்மாருக்கு வரைபடத்தை விளங்கப்படுத்தியே வருடக்கணக்காக வாழ்ந்தவர் அவர்.

கேள்வியை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கண் பலகையில் இருந்தது.

"என்ரை பேர் இல்லை" என்றார்.

பலகையைக் கவிழ்த்தேன். கவிழ்த்து என்ன?

"அண்ணையின்ரைதானே இது? அஞ்சு பேர். என்னை விட்டிருக்கிறார்." குரல் உயரவில்லை. "பொங்கலுக்குப் போறனான். ராணியக்காவின்ரை கலியாணத்திலை தோழியா நிண்டனான். சின்னம்மாவுக்குக் கண் ஒப்பிரேசன் செய்யேக்கை பக்கத்திலை படுத்தது நான். அங்கை நான் விருந்தாளியோ, பிள்ளையோ எண்டு இவ்வளவு காலமும் எனக்குள்ளை ஒரு கேள்வி இருந்தது. கடைசியிலை கடுதாசியிலை பதில் வந்திட்டுது."

"அக்கா, பிழை என்னுடையது..."

"உங்களை நான் பேசேல்லை. என்ரை படிவத்தை எடுங்கோ. அந்த ஆறு பேரையும் வெட்டிப்போட்டு ஒற்றைப் பிள்ளை எண்டு எழுதுங்கோ."

"அப்பிடி எழுதேலாது அக்கா."

"அப்ப என்ரை படிவமே வேண்டாம்."

ஸ்கூட்டியில் எப்படி அலுவலகத்துக்கு வந்தேன் என்று ஞாபகமில்லை. றெஜினா அக்கா முழுவதையும் கேட்டார். அன்று அவர் படலையின் நிறம் கேட்கவில்லை.

"ஆரின்ரை விடயம் வெளியிலை போயிருக்கு?" என்றார்.

"மலர் அக்காவின்ரை மனம்..."

"அதை நான் கேட்கேல்லை. ஆரின்ரை படிவம் தெரிஞ்சது?"

"அண்ணையின்ரை."

"அப்ப முதலிலை அவரிட்டைத்தான் போகவேணும். நீதான் சொல்லவேணும். நான் பக்கத்திலை நிப்பன்." வசந்தமலரைத் தொலைபேசியில் எடுத்து, அவர் பார்த்தார் என்பதை அண்ணனிடம் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லுங்கோ என்று ஒரே சொல்லில் பதில் வந்ததாம்.

கணேசலிங்கம் தோட்டத்தில் இறைப்பு மிசினைப் போட்டு, பீற்றூட் பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். வரம்பில் நின்று சொன்னேன். அவர் சொன்ன பெயர்ப் பட்டியலை நான் கவனமில்லாமல் கொண்டு திரிந்ததையும், அவருடைய தங்கை அதைப் பார்த்துவிட்டதையும். அவர் போய் மிசினை நிற்பாட்டினார். திடீரென்று தோட்டம் அமைதியாகிவிட்டது.

"அவள் என்ன சொன்னவள்?"

"அதை நாங்கள் சொல்லேலாது ஐயா" என்றார் றெஜினா அக்கா.

"நான் சொன்னதை அவளுக்குக் காட்டுவியள். அவள் சொன்னதை எனக்குச் சொல்லமாட்டியள்."

றெஜினா அக்கா என் பக்கம் திரும்பினார். நான்தான் "ஓம் அண்ணை. பிழை என்ரை" என்றேன்.

வாய்க்காலில் மிச்சமாக நின்ற தண்ணீரில் அவர் கால் கழுவினார். நெடுநேரம் கழுவினார். பிறகு வரம்பில் குந்திக்கொண்டு, எங்களுக்கென்று இல்லாமல் கதைக்கத் தொடங்கினார்.

"எனக்கு எட்டு வயசு. அவள் பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிஞ்ச அடுத்த நாள் கொண்டு போனது. உடுப்புப் பையை நான்தான் தூக்கினனான். பெரியம்மா பிள்ளையைக் கையிலை வாங்கேல்லை. 'நாளைக்கு நீ திருப்பிக் கேட்டால் நான் என்ன செய்வன்?' எண்டு அழுதவ. அப்பதான் அம்மா சொன்னவ: 'இண்டையிலை இருந்து உவள் உன்ரை. நான் என்ரை பிள்ளையளைச் சொல்லேக்கை உவளைச் சேர்த்துச் சொல்லமாட்டன்.' அதுக்குப் பிறகுதான் பெரியம்மா கையிலை வாங்கினவ."

"பிறகு?"

"பிறகென்ன. ஊர் விதானையார் பதிவுக்கு வந்து கேட்டாலும் அஞ்சு. பள்ளிக்கூடத்திலை கேட்டாலும் அஞ்சு. யோகன் ஒருக்கா ஆறு எண்டு சொல்லி அடி வாங்கினவன். பெரியம்மா மூண்டு வருசத்துக்கு முன்னம் போயிட்டா. 'சொன்னதை விடு' எண்டு அம்மாவுக்குச் சொல்ல இப்ப ஆளில்லை. அதாலை அம்மா இன்னும் அஞ்சுதான் சொல்லுறா. அவவுக்கு முன்னாலை வைச்சு நீங்கள் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

மழை விடும் என்று றெஜினா அக்கா அன்று சொன்னது மறுபடி என் காதில் கேட்டது.

அவர் எங்கள் பக்கம் திரும்பி, "நீங்கள் உந்த ஆராய்ச்சிக்காரர் எண்டபடியாலை ஒண்டு சொல்லுறன்" என்றார். "ஒராள் குறைஞ்சால் மிச்சப் பேருக்குச் சோறு கூடும் எண்டு சனம் சொன்னது. நான் சோத்துக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தனான், சின்னப் பெடியன்தானே. கூடேல்லை. அம்மா சாப்பிடுறதுதான் குறைஞ்சது."

றெஜினா அக்கா புதிய படிவம் ஒன்றை எடுத்தார். முறைப்படி முதலிலிருந்து கேட்டார். அவரும் முதலிலிருந்து சொன்னார், அதே ஐந்து பெயர், அதே இடத்தில் அதே நிறுத்தம். பிறகு அந்தக் கேள்வி.

"பிறந்து, வேறை வீட்டிலை வளர்ந்த பிள்ளை ஆரும் இருக்கினமோ?"

"ஒண்டு."

"எத்தனையாவது?"

"ராணிக்கும் சுதாவுக்கும் நடுவிலை."

"பேர்?"

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அம்மா இருக்குமட்டும் அது என்ரை வாயாலை வராது. குறை நினையாதேங்கோ."

நான்காவது வரியில் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு, "பெண்" என்று மட்டும் எழுதினார் றெஜினா அக்கா.

ஒழுங்கைக்கு வந்ததும் நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன். "அக்கா, மலர் அக்காவுக்கு ஒரு சொல்லுச் சொன்னால் காணும். அண்ணை எண்ணினவர் எண்டு மட்டும்."

"அண்டைக்குத் தெரியாமல் காட்டினாய். இண்டைக்குத் தெரிஞ்சு சொல்லப்போறாய். அந்த மனிசனுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"அவவுக்கு ஆறுதலா இருக்குமே."

"இருக்கும். ஆனால் அந்த ஆறுதல் உன்ரை இல்லை, நீ குடுக்கிறதுக்கு."

பன்னிரண்டு வருடத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதற்கு அடுத்த நாள் நடந்தது. விலகல் படிவத்தை வசந்தமலரிடம் கொடுக்கப் போனேன். அதில் கையெழுத்து வைத்தால் அவர் சொன்னது முழுவதையும் அழித்துவிடுவோம். யோசிக்க இரண்டு கிழமை உண்டு. அவர் வாசலிலேயே கேட்டார்.

"திரும்பப் போனியளோ?"

"போனனாங்கள்."

"அண்ணை என்ன சொன்னவர்?"

ஆம் என்றோ ஆறு என்றோ ஒரு சொல். அது என் நாக்கில் இருந்தது. "சொல்லேலாது அக்கா" என்றேன்.

"உந்தக் கவனம் அண்டைக்கு இருந்திருக்கலாம்" என்றார். சரியான பேச்சு. படிவத்தை வாங்கி, வரைபடத்தின் மேல் கிடந்த அளவுகோலுக்கு அடியில் செருகினார்.

இரண்டு கிழமையும் நான் மற்ற வீடுகளுக்குப் போனேன், பெயர்களைக் கேட்டேன், எண்ணினேன். ஒவ்வொரு பட்டியலிலும் யாராவது எங்காவது மூச்சு விட நிறுத்தினால் என் பென்சில் நின்றுவிடும்.

தவணை முடிந்து நான் போனபோது வசந்தமலர் மேசையிலிருந்து விலகல் படிவத்தை எடுத்துத் தந்தார். கையெழுத்து இல்லை. குசினி வாசலில் ஒரு சாக்குப் பை நிறையப் பீற்றூட் கிடந்தது.

"அண்ணை வந்தவர்" என்றார். "வந்து சாப்பிட்டார். கூரையைப் பார்த்தார், ஒழுகுதோ எண்டு கேட்டார். வந்த விடயத்தைத் தவிர எல்லாம் கதைச்சார். போக வெளிக்கிடேக்கை நானே கேட்டன், சின்னம்மா என்னை எண்ணுறதே இல்லையோ எண்டு."

அவர் சாக்குப் பையைச் சுவரோரம் நகர்த்தினார்.

"செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னார்: 'பிழைவிடாமல் அஞ்சு எண்டு சொல்ல, அம்மா ஒவ்வொருக்காலும் முதலிலை ஆறையும் எண்ணவேணும். பிறகுதான் ஒண்டை விழுங்கலாம். எங்களை எண்ணினதைவிட உன்னைத்தான் அவ கூடக் கவனமா எண்ணினவ.' சொல்லிப்போட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிட்டார்."

அவர் பழைய படிவத்தை என்னிடமிருந்து வாங்கி, கடைசிவரை வாசித்தார், இந்த முறை நேராக வைத்து. "பிறந்தது ஆறு பேரிலை. வளர்ந்தது தனிய. ரெண்டும் இருக்கட்டும்" என்றார்.

ஆய்வு முடிவுகள் அறிக்கையில் இருக்கின்றன. வேண்டியவர்கள் அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்தச் சோடியை மட்டும் எடுத்துப் பார்த்தால் விடை கையில் இருப்பது போலத் தோன்றும். ஒரே வயிற்றில் பிறந்த இருவர். கூட்டத்தில் வளர்ந்தவர் தோட்டம் செய்கிறார், தனியே வளர்ந்தவர் அவரைவிடப் பல மடங்கு உழைக்கிறார். கணினிப் பிரிவில் ஒருவர் இது நல்ல உதாரணம் என்றார். இன்னொருவர் எந்தப் பெட்டியிலும் அடங்காததால் எடுத்துவிடலாம் என்றார். இரண்டு பேரிடமும் றெஜினா அக்கா தனித்தனியாகச் சண்டை பிடித்தார். பிறந்த வீட்டுக்கு ஒரு நிரல், வளர்ந்த வீட்டுக்கு ஒரு நிரல் என்று பிரிக்கும்வரை விடவில்லை. உதாரணம் என்று சொன்னவருக்கு நான் தோட்டத்து வரம்பில் கேட்டதைச் சொல்ல முடியாமல் இருந்தது. ஒருவர் குறைந்தபோது அந்த வீட்டில் பங்கு கூடவில்லை. குறைந்தவருக்குக் கிடைத்தது பங்கு அல்ல, வேறொரு வீட்டின் முழுச் சம்பளமும் இரண்டு பேரின் முழுக் கவனமும். அதைக் குடும்பத்தின் அளவு என்று எழுதுவதா, வேறு ஏதாவது என்று எழுதுவதா என்பது எனக்கு இன்றும் நிச்சயமில்லை. வெங்காய வியாபாரி கேட்ட நிரலும் இன்னும் படிவத்தில் இல்லை.

ஆகவே, பிள்ளைகளே, ஏழாவது கேள்வியை மாற்றுங்கள். தொலைபேசியில் என்றாலும் எண்ணைக் கேட்காமல் பெயர்களைக் கேளுங்கள். கேட்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நேரம் போதாது என்றால் வேறு கேள்வியைக் குறையுங்கள்.

இதை எழுத எனக்கு இப்போதுதான் அனுமதி கிடைத்தது. அதன் காரணம் இந்த வருடத் தொடக்கத்தில் பத்திரிகையில் வந்த ஒரு மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்தில் அதைப்போலக் கவனமாக எழுதப்படும் பட்டியல் வேறு இல்லை. யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு, யாருடைய பெயருக்குப் பக்கத்தில் எந்த நாடு. ஒரு பெயர் விடுபட்டால் தலைமுறைக்கும் கதைக்கமாட்டார்கள். பத்திரிகையில் நான் முதலில் பார்க்கும் பக்கம் அது. அன்று அதில் கோப்பாய்த் தாயின் படம் இருந்தது. "அன்புத் தாயாரும்" என்ற சொல்லுக்கு முன்னால் பிள்ளைகளின் பெயர்கள். கீழே, தகவல்: கணேசலிங்கம், மகன்.

கையில் பென்சிலை எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்த நேரம் தொலைபேசி அடித்தது. றெஜினா அக்கா.

"பேப்பர் பார்த்தியோ?"

"ஓம் அக்கா."

"எத்தனை?"

"எண்ணிக்கை கேட்கக் கூடாது அக்கா" என்றேன். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது. பென்சில் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்தேன்.

"கணேசலிங்கம். யோகலிங்கம். இராசராணி. வசந்தமலர். சுதாமதி. ரவீந்திரன்."

ஆறு பெயர். எட்டுச் செக்கனுக்கு மேல் எடுத்தது.